அட்டவணையும் வாக்குறுதியும்: திட்ட மேலாளர் கருவிகளின் வரலாறும் செயற்கை நுண்ணறிவும்



திட்ட மேலாண்மை பொறியாளர்க்கும் கணக்காளர்க்கும் உரிய துறை. அதில் மொழியியலுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். திட்ட மேலாளர் ஒருவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு கூட்டம். அதற்கு ஒரு குறிப்பு. ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம். மேலிடத்திற்கு ஒரு முன்னேற்ற அறிக்கை. தாமதத்திற்கு ஒரு விளக்கம். மாலையில் மறுபடியும் ஒரு கூட்டம். அவர் செங்கல் அடுக்குவதில்லை. கணினி நிரல் எழுதுவதில்லை. பலர் செய்யும் வேலைகளைச் சொற்களால் இணைத்து நடத்துவதே அவர் தொழில். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளியானதைத் தொடர்ந்து, சொற்களைக் கோத்துத் தரும் இயந்திரங்கள் அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்துள்ளன. ஆதலால் இது மொழியியலார் பேசத்தக்க பொருளாகவும் ஆகிவிட்டது.

இக்கருவிகளுக்கு முன் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் திட்ட மேலாளர்க்குப் புதிய கருவி ஒன்று கிட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இனித் தாமதம் இராது என்ற நம்பிக்கையும் பிறந்திருக்கிறது. அக்கருவிகள் உண்மையில் எவற்றைத் தந்தன, எவற்றைத் தர இயலவில்லை என்பதை அறிந்துகொண்டால், செயற்கை நுண்ணறிவை எவ்வாறு ஏற்பது என்பதும் விளங்கும். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, இறுதியில் நம் தமிழ் இலக்கணத்தின் ஒரு சிறு விகுதியிடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கோடுகள் பேசிய காலம்

போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896ஆம் ஆண்டளவில் ஆலை வேலைகளின் வரிசையையும் காலத்தையும் ஒரே பார்வையில் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு 'ஹார்மோனோகிராம்' என்று பெயர். அதைப் பற்றி அவர் 1931இல்தான் விரிவாக எழுதி வெளியிட்டார். அதுவும் போலந்து மொழியில். அதற்குள் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேண்ட் 1910களில் வகுத்த பட்டை வரைபடம் ஆங்கிலத்தின் வழி உலகெங்கும் பரவிவிட்டது. இன்றும் நாம் அதைக் 'கேண்ட் அட்டவணை' என்றே அழைக்கிறோம். ஒரு கண்டுபிடிப்புக்கு வழங்கும் பெயரைக்கூட அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது தீர்மானித்துவிடுகிறது.

கேண்ட்டின் வரைபடங்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஆயுத ஆலைகளிலும் கப்பல் கட்டுமானத்திலும் பயன்பட்டன. அவற்றை விளக்கி வாலஸ் கிளார்க் 1922இல் எழுதிய நூலில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வேலை ஏன் தடைப்பட்டது என்பதைப் பட்டையின் அருகே ஓர் எழுத்தால் குறிக்கும் வழக்கம் இருந்தது. மூலப்பொருள் கிடைக்கவில்லை, கருவி சரியில்லை, அறிவுறுத்தல் வரவில்லை என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எழுத்து. பட்டை தாமதத்தைக் காட்டியது. எழுத்து அத்தாமதம் யாரிடத்தில் தொடங்கியது என்பதைக் காட்டியது. தொழிலாளியின் சோம்பல் என்று சொல்லப்பட்ட பல தாமதங்கள் நிர்வாகத்தின் குறைகளே என்பது அவ்வாறு வெளிப்பட முடிந்தது. கோட்டைவிட அந்த ஒற்றை எழுத்தே மிகுந்த பயன் தந்தது என்பேன்.

வலைப்பின்னலும் கணினியும்

அடுத்த மாற்றம் 1950களின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ரேண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து 1957 அளவில் 'முடிவுறுத்து வழி' எனத்தக்க கணக்கு முறையை யூனிவாக் கணினியின் துணையோடு உருவாக்கினர். அதன் கருத்து எளியது. வீவக வீடு ஒன்றின் குளியலறையைப் புதுப்பிப்பதாகக் கொள்வோம். குழாய் பதித்த பிறகே நீர்க்கசிவுத் தடுப்பு. அதன் பிறகே தரைஓடு. அதன் பிறகே பிற பொருத்துகள். இவ்வரிசையில் ஒரு நாள் பிந்தினால் வீடே ஒரு நாள் பிந்தும். படுக்கையறைக்கு வண்ணம் பூசுவது இரண்டு நாள் தள்ளிப்போனாலும் குற்றமில்லை. எந்தத் தாமதம் பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்று பிரித்துச் சொன்னதே இம்முறையின் ஆற்றல். பராமரிப்புக்காக ஆலைகளை மூடிவைக்கும் நேரம் இதனால் குறைந்தது.

அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் 'பெர்ட்' என்னும் முறையை 1958இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடுகள் கேட்கப்பட்டன: எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, எல்லாம் கெட்டால் எவ்வளவு. நடு மதிப்பீட்டுக்கு நான்கு மடங்கு எடை தந்து, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்து எதிர்பார்க்கும் காலத்தைக் கணித்தனர். 1960 ஜூலை 20ஆம் நாள் நீருக்கடியில் இருந்த நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து போலாரிஸ் வெற்றியுடன் ஏவப்பட்டது. பெர்ட்டின் புகழ் எங்கும் பரவியது.

ஆயினும் 1972இல் ஹார்வி சபோல்ஸ்கி என்னும் அறிஞர் அத்திட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்ட நூல் வேறொரு சித்திரத்தைத் தந்தது. திட்டத்தை வெற்றிபெறச் செய்ததைவிட, பெர்ட்டின் நவீனத் தோற்றமும் அதனால் வந்த புகழும் திட்ட அலுவலகத்தை வெளியார் தலையீட்டிலிருந்து காத்தன என்று அவர் காட்டினார். கருவி ஒன்று வேலைக்கும் பயன்படலாம். வேலை நடக்கிறது என்று பிறரை நம்பவைக்கவும் பயன்படலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காத நிறுவனம் கருவியை வாங்குமே ஒழியப் பயனைப் பெறாது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நூற்றுக்கு எண்பது

செயற்கை நுண்ணறிவு என்னும் துறையும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் பிறந்தது. ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் 1955இல் எழுதிய முன்மொழிவில் அப்பெயர் இடம்பெற்றது. 1956 கோடையில் டார்ட்மத் கல்லூரியில் அதற்கான ஆய்வரங்கு கூடியது. முடிவுறுத்து வழியும் செயற்கை நுண்ணறிவும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள். ஆனால் அவை ஒன்றையொன்று சந்திக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1980களின் தொடக்கத்தில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஃபாக்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் சுழலி உறுப்பு ஆலைக்காக வேலை அட்டவணை வகுக்கும் அறிவார்ந்த நிரல் ஒன்றை உருவாக்கினர். அதற்கு முன், ஆலையில் அட்டவணை வகுப்பவர்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று பார்த்தனர். அட்டவணையை எழுதவும் திருத்தவும் ஆன நேரம் நூற்றுக்கு 10 முதல் 20 பங்குதான். எஞ்சிய 80 முதல் 90 பங்கு, அட்டவணையைப் பாதிக்கக்கூடிய தடைகளைக் கண்டறிவதில் கழிந்தது. எந்த எந்திரம் பழுது, எந்தப் பொருள் வரவில்லை, எந்த வாடிக்கையாளர் அவசரப்படுகிறார் என்று பிறரிடம் கேட்டுக் கேட்டு அறிய வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் செய்தி இதுவே. திட்டமிடுதல் என்பது பெரும்பகுதி உரையாடல், சிறுபகுதியே கணக்கு. 1957 முதல் வந்த கருவிகள் யாவும் அந்தச் சிறுபகுதியைச் செம்மைப்படுத்தின. அதற்கும் பயன் இல்லாமல் இல்லை. 1991 வளைகுடாப் போரின்போது படைகளையும் தளவாடங்களையும் நகர்த்தப் பயன்பட்ட 'டார்ட்' என்னும் திட்டமிடல் நிரல், செயற்கை நுண்ணறிவு ஆய்வில் முப்பது ஆண்டுகளாக இட்ட முதலை ஈடுசெய்துவிட்டது என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வுத் தரப்பினர் கூறினர். எனினும் எண்பது பங்கு உரையாடல் மனிதர் கையிலேயே இருந்தது. இப்போது வந்திருக்கும் மொழி இயந்திரங்களே அந்த எண்பது பங்கினுள் முதன்முறையாகக் கால் வைத்திருக்கின்றன. அவற்றின் புதுமையும் அவற்றின் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன.

கருவி தரும் உண்மைப் பயன்

முதலில் பயனைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கருவி கூட்டத்தின் பேச்சை எழுத்தாக்குகிறது. அதிலிருந்து சுருக்கம் தருகிறது. யார் என்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடுகிறது. இருநூறு பக்க ஒப்பந்தத்தில் தாமதத்துக்கான பிரிவு எங்குள்ளது என்று காட்டுகிறது. இடர்ப் பதிவேட்டுக்கு முதல் வரைவு எழுதித் தருகிறது. இவை யாவும் மேலாளரின் நேரத்தை மீட்டுத் தருவன.

இதனினும் ஆழமான பயன் ஒன்று உண்டு. சிட்னி இசைநாடக அரங்கு 1963இல் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டனர். அது 1973இல் முடிந்தது. செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் டிவர்ஸ்கியும் 1970களின் இறுதியில் இத்தகைய பிழைக்குத் 'திட்டமிடல் மயக்கம்' எனத்தக்க பெயரைத் தந்தனர். தம் வேலை தனித்தன்மை வாய்ந்தது, பிறருக்கு நேர்ந்த தடை தமக்கு நேராது என்று எண்ணுவது மனித இயல்பு. அதற்கு மருந்து, இதைப் போன்ற பழைய திட்டங்கள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன என்று பார்ப்பது. ஆனால் அப்பழைய அறிக்கைகள் பெரும்பாலும் யாரும் திறவாத கோப்புகளில் உறங்குகின்றன. இருபது ஆண்டுக் கோப்புகளைப் படித்து, இத்தகைய வேலைகள் எங்கே தடைப்பட்டன என்று தொகுத்துத் தருவது மனிதருக்குச் சலிப்பான பணி, இயந்திரத்துக்குச் சலிப்பில்லை. அது காட்டும் ஒவ்வொரு கூற்றுக்கும் மூல ஆவணத்தைத் திறந்து சரிபார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும். ஏனெனில் இல்லாத செய்தியையும் இருப்பது போல் எழுத வல்லவை இக்கருவிகள். தாமே சரிபார்க்கத்தக்க வேலைகளில் தொடங்கும் மேலாளரே இவற்றால் நிலையான பயன் பெறுவார்.

'-லாம்' என்னும் விகுதி

இனி அந்த எண்பது பங்கு உரையாடலுக்கு வருவோம். நம் கூட்டங்களில் நாள்தோறும் கேட்கும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மேலாளர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்கிறார். எதிரில் இருப்பவர், "செஞ்சிடலாம் சார்" என்கிறார். இது வாக்குறுதியா?

தமிழ் வினைமுற்று பொதுவாகச் செய்பவரைத் தன்னுள் தாங்கி நிற்கும். 'செய்தேன்', 'செய்தாய்', 'செய்தார்' என்பவற்றில் எழுவாயை விட்டுவிட்டாலும் விகுதி அவரைக் காட்டிக்கொடுக்கும். 'செய்யலாம்' என்பது அப்படியன்று. 'செய்யல்' என்னும் தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து உருவான இவ்வடிவம் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொது. நான் செய்யலாம், நீ செய்யலாம், அவர்கள் செய்யலாம். இசைவு, இயலுமை, நாம் சேர்ந்து செய்வோம் என்னும் அழைப்பு எல்லாம் இதன் பொருள்களே. 'செய்ய வேண்டும்', 'செய்ய முடியும்' என்பவையும் செய்பவரைக் காட்டாதவை. 'முடிந்துவிடும்' என்றாலோ வேலை தானாகவே முடிந்துவிடுவது போன்ற தோற்றம். 'பார்க்கலாம்' என்பது பல வேளைகளில் மரியாதையான மறுப்பு என்பதை இங்குள்ள யாவரும் அறிவோம்.

இது தமிழின் குறையன்று. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை இதே பணியைச் செய்கிறது. முகம் முறியாமல் பேசுவதற்கு எல்லா மொழிகளும் இத்தகைய மறைவிடங்களை வைத்திருக்கின்றன. அனுபவம் வாய்ந்த மேலாளர் குரலின் தயக்கத்தைக் கேட்டு, கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்து, "உண்மையில் என்ன தடை?" என்று கேட்பார். ஃபாக்ஸ் குழுவினர் கண்ட எண்பது பங்கு வேலை இதுதான்.

கூட்டக் குறிப்பெழுதும் கருவியோ 'செஞ்சிடலாம்' என்பதைப் பெற்றுக்கொண்டு, செயற்பட்டியலில் ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதிவிடக்கூடும். சொன்னவர் தராத வாக்குறுதி, அச்சிட்ட எழுத்தில் அவர் பெயரில் நிற்கிறது. அடுத்த வாரம் அட்டவணை அதன்மேல் கட்டப்படுகிறது. தாமதம் நேரும்போது, குறிப்பைக் காட்டிக் குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் கூட்டத்தில் மிகக் கீழ்நிலையில் இருப்பவர். துணை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளராகவோ, கட்டுமானத் தளத்தில் காலைநேரப் பாதுகாப்புக் கூட்டத்தில் தம் தமிழில் பதில் சொன்ன வெளிநாட்டு ஊழியராகவோ அவர் இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் பேசப்படுவது தேதி மட்டுமன்று. சாரக்கட்டு சரியாக இருக்கிறதா என்பதும்தான். "ஏறலாம்" என்று ஒருவர் சொன்னது அனுமதியா, அனுமானமா என்பதில் உயிர் இருக்கிறது.

மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றி, 1962இல் நூலாக வந்த உரைகளில், சில சொற்கள் செய்தியைச் சொல்வதோடு நில்லாமல் செயலையே நிகழ்த்துகின்றன என்று விளக்கினார். வாக்குறுதி அத்தகைய செயல். அதை நிகழ்த்த ஒருவர் வேண்டும். அவர் தம்மைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். 'முடித்துத் தருகிறேன்' என்னும் தன்மை வினைமுற்றை இயந்திரமும் அழகாக எழுதும். ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடியாவிட்டால் அதற்கு வெட்கமில்லை, இழப்புமில்லை. பிணைப்புண்ண அதனிடம் ஆளில்லை.

நாம் செய்யத்தக்கவை

சிங்கப்பூர் 2019 ஜனவரியில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆளுகை மாதிரிக் கட்டமைப்பு, ஒரு முடிவில் மனிதர் எந்த அளவு ஈடுபட வேண்டும் என்பதை மூன்று நிலைகளாகப் பிரித்தது. மனிதர் ஒப்பினால்தான் முடிவு செயற்படும் என்பது ஒன்று. இயந்திரம் செயற்பட, மனிதர் கண்காணித்து வேண்டும்போது தலையிடுவது மற்றொன்று. மனிதர் தலையீடே இல்லாதது மூன்றாவது. தீங்கு நேரும் வாய்ப்பையும் அதன் கடுமையையும் வைத்து நிலையைத் தேர்ந்தெடுக்க அது சொல்கிறது. இவ்வளவுகோலைத் திட்ட மேலாளரும் கைக்கொள்ளலாம். கூட்டச் சுருக்கத்தை இயந்திரம் எழுதட்டும்; பழைய கோப்புகளை அது துழாவட்டும். ஒருவர் பெயரில் ஒரு பொறுப்பு எழுதப்படும் இடத்தில் மட்டும் முதல் நிலையே பொருந்தும். பெயருக்குரியவர் அவ்வரியைத் தம் மொழியில் படித்து, 'ஆம், செய்கிறேன்' என்று தன்மை வினையில் சொன்ன பிறகே அது குறிப்பில் ஏற வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை அது.

இயந்திரம் மீட்டுத் தரும் நேரத்தை எங்கே செலவிடுவது என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். அந்நேரத்தில் இன்னும் பத்து அறிக்கைகள் எழுதினால், பெர்ட்டைப் புகழுக்காகப் பயன்படுத்திய அலுவலகத்தின் வழியையே நாமும் பின்பற்றியவராவோம். தளத்திற்குச் சென்று, தடை என்ன என்று கேட்பதற்கு அதைச் செலவிட்டால், கேண்ட்டின் பட்டைக்கு அருகே நின்ற அந்த எழுத்தின் பயன் நமக்குக் கிட்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. 2023 டிசம்பரில் ஏஐ சிங்கப்பூர் அறிமுகப்படுத்திய 'சீ-லயன்' மொழி மாதிரியின் பயிற்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. இத்தகைய மாதிரிகள் எழுத்துத் தமிழை அறிவது போல் பேச்சுத் தமிழின் '-லாம்'களையும் 'பார்க்கலாம்'களையும் அறிய, அவற்றின் பயன்பாட்டுப் பொருளை விளக்கிக் குறித்த தரவு வேண்டும். அதைச் செய்யத்தக்கவர்கள் மொழி அறிந்த நாமே. நம் மாணவர்க்கு வினைமுற்றை வாய்பாடாக மட்டும் கற்பிக்காமல், 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்கிறேன்' என்பதற்கும் இடையே ஒரு மனிதரின் பொறுப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்பிப்போம். நாளை அவர்களுள் சிலர் திட்ட மேலாளர் ஆவார்கள். இயந்திரம் எழுதிய செயற்பட்டியல் ஒன்று அவர்கள் முன் வரும். அதில் ஒரு பெயரைக் காணும்போது, 'இவர் இதைச் சொன்னாரா?' என்று கேட்கத் தெரிந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.